தண்டம் கட்டினால் போதை தெளிந்துவிடுமா?

கண்டிமா நகரை எந்தத் திசையிலிருந்து அணுகினும் மலைப்பாதையைக் கடந்தே அணுக வேண்டும். மேற்கே கொழும்பு வீதியில் கடுகண்ணாவைக் கணவாய். கிழக்கே உன்னஸ்கிரியையைத் தாண்டி மகியங்கனைச் சமவெளிக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகள். தெற்கே கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். எதிரே ஒரு பஸ் வந்தால் ஓரத்தில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய இடங்கள் எத்தனையோ. போதாக்குறைக்கு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைநாட்டுப் பாதைகள் பல சரிந்தும் உடைந்தும் போயின. இத்தகைய வீதியில், அந்தி சாயும் வேளையில், மது அருந்திய ஒருவன் சுக்கானைப் பிடிப்பானாயின் அவனுடைய உயிர் மாத்திரமன்று, அவனை நம்பி ஏறியிருப்போர் உயிரும், மாலை வகுப்பு முடிந்து லயத்துக்கு நடந்து செல்லும் பிள்ளைகளின் உயிரும் அவன் கையிலேயே இருக்கின்றன.

2025 மே 11-ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிப் புறப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விபத்துக்கு மதுவே காரணம் என்று நாம் கூறவரவில்லை. அங்ஙனம் பழி சுமத்துவது எமது நோக்கமுமன்று. நல்ல நிலையிலுள்ள சாரதிக்கும் இம்மலை ஒரு கணத்துக்கு மேல் அவகாசம் தருவதில்லை என்பதற்காகவே அதனை இங்கு நினைவூட்டுகின்றோம். குடித்தவனுக்கு அந்த ஒரு கணமும் இல்லை. ஆண்டுதோறும் இந்நாட்டின் வீதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். அவற்றுள் எத்தனை மரணங்களுக்கு மது காரணமாயிற்று என்ற கணக்கில் சர்ச்சை இருக்கலாம். காரணமாகும் என்பதில் சர்ச்சை இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, மதுவருந்தி வாகனம் செலுத்துவதைக் குற்றமாக்குகின்றது. அதன் பின்னர் வந்த திருத்தங்கள் பல. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே இந்நாட்டில் வகுக்கப்பட்ட எல்லை. சந்தேகம் ஏற்பட்டால் சாரதியின் மூச்சைப் பரிசோதிக்கவும், அரசாங்க வைத்தியர் முன் அவனைக் கொண்டுபோய் நிறுத்தவும் பொலிசாருக்கு அதிகாரம் உண்டு. பரிசோதனைக்கு உட்பட மறுத்தால், மறுத்தவன் குடித்திருந்தான் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது அவன் பொறுப்பாகிவிடும். இஃது அஞ்சலகத்தில் தண்டம் கட்டி முடித்துக்கொள்ளும் சில்லறைக் குற்றமன்று. நீதவான் முன் நின்றேயாக வேண்டும். தண்டம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகின்றது. அதனோடு சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவு இருந்தும் பண்டிகை கழிந்த மறுநாள் கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் தெல்தெனியவிலும் நீதிமன்ற வாசல்களில் இக்குற்றத்துக்காக நிற்போர் வரிசை குறைவதாகக் காணோம். ஏன்?

எமது கருத்து யாதெனில், இந்நாட்டில் அரசாங்கங்கள் கடுமையைக் காட்ட நினைக்கும்போதெல்லாம் தண்டப்பணத்தை உயர்த்துவதோடு நின்றுவிடுகின்றன. மக்களும் தண்டப்பணத்தைப் பற்றியே பேசுகின்றனர். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் வீதிக் குற்றங்களுக்கான தண்டங்களை உயர்த்த அரசாங்கம் முற்பட்டபோது தனியார் பஸ் உரிமையாளர்கள் பஸ்களை நிறுத்திப் போராடினர். அன்று நிகழ்ந்த வாதப் பிரதிவாதமெல்லாம் ரூபாய்க் கணக்கிலேயே நின்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் மறுநாளும் ஓட்டலாமா என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

தண்டப்பணம் எல்லோருக்கும் ஒரே சுமையன்று. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் 25,000 ரூபாய் என்பது பதினெட்டு நாட்களுக்கும் மேற்பட்ட கொழுந்து பறிப்பு. தவணைப் பணத்தில் முச்சக்கரவண்டி எடுத்து ஓட்டும் இளைஞன் பிடிபட்டால், அந்தப் பணத்தை நீதிமன்றத்தில் எண்ணிக் கொடுப்பவள் பெரும்பாலும் அவனுடைய தாய். அவள் அடகு வைத்த காதணி அவளுக்குத் திரும்பக் கிடைக்குமோ யாமறியோம். மறுபுறத்தில், குளக்கரையை அடுத்த ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு விருந்துண்டு, சொந்தக் காரைத் தானே செலுத்திக்கொண்டு வீடு திரும்பும் கனவானுக்கு அதே 25,000 ரூபாய் அன்றைய விருந்தின் பற்றுச்சீட்டோடு சேர்த்துக் கட்டும் மேலதிகச் செலவு. ஒரே சட்டம், ஒருவனுக்கு இடி, மற்றவனுக்குத் தூறல். குற்றமோ இருவர்க்கும் ஒன்றே.

ஆதலினாலேயே அனுமதிப்பத்திரத்தின் இடைநிறுத்தமே உண்மையான தண்டனை என்கின்றோம். கனவானின் கையிலிருந்தும் சுக்கானைப் பறிப்பது அஃதொன்றே. வாகனம் செலுத்துதல் பிறப்புரிமையன்று. நிபந்தனையோடு பொதுமக்கள் அளித்த நம்பிக்கை. இக்கருத்து புதியதுமன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1953-ஆம் ஆண்டிலேயே, வீதியில் வண்டி ஓட்டுகிறவன் இரசாயனப் பரிசோதனைக்கு முன்கூட்டியே சம்மதித்தவனாகக் கருதப்படுவான், மறுத்தால் அனுமதிப்பத்திரத்தை இழப்பான் என்று சட்டம் செய்தது. அண்டை நாடான இந்தியாவில், உயர்நீதிமன்றங்களுக்கும் மேலான உச்ச நீதிமன்றம் அமைத்த வீதிப் பாதுகாப்புக் குழு, குடித்து வண்டி ஓட்டியோரின் அனுமதிப்பத்திரத்தைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்துமாறு 2015-இல் மாநில அரசுகளைப் பணித்தது.

இதற்கு எழும் மறுப்பை நாம் அறியாமலில்லை. "சாரதித் தொழிலே சீவனோபாயமாக உள்ளவனின் பத்திரத்தைப் பறித்தால் அவன் பிள்ளைகள் பட்டினி கிடப்பரே" என்று எமது வாசகர்களிற் பலரே கேட்பர். நியாயமான கேள்வி. மலைத்தோட்டங்களில் படித்த பிள்ளைக்குக் கிடைக்கும் தொழில்கள் மிகச்சில. வண்டி ஓட்டுதல் அவற்றுள் ஒன்று. ஆயினும் அதே வண்டியில் பள்ளத்தில் வீழ்ந்து மாண்டவனின் பிள்ளைகளுக்கும் வயிறு உண்டு. மருந்தைக் கலக்கும் வைத்தியன் குடித்துவிட்டு வந்தால் அவன் குடும்பத்தை எண்ணி அவனிடமே மருந்து வாங்கி உண்போமா? முதற்குற்றத்தில் ஓர் அளவான காலத்துக்கு இடைநிறுத்தம், அக்காலத்தில் கட்டாயப் பயிற்சி, மறுகுற்றத்தில் நீண்ட இடைநிறுத்தம், உயிர்ச்சேதம் விளைந்தால் இரத்து என்று ஏறிச்செல்லும் முறையில் நீதவான்கள் தீர்ப்பளிப்பார்களாயின் ஏழைச் சாரதிக்கும் திருந்த வழியிருக்கும். இடைநிறுத்தப்பட்ட பின்னர் வேறொருவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுகின்றோம். அவர்களுக்கு இரக்கம் காட்ட எம்மிடம் வாதம் எதுவுமில்லை.

ஆனால் ஒருவனுடைய பிழைப்பையே நிறுத்திவைக்கும் தண்டனை நீதியாக இருக்க வேண்டுமாயின், அவன் குடித்திருந்தான் என்பதை நிறுவும் பரிசோதனை ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். எமது கட்டுரையின் கரு இதுவே.

முற்காலத்தில் வைத்தியரின் கண்ணும் மூக்குமே சாட்சி. மூச்சில் மணம் வீசுகிறதா, கண் சிவந்திருக்கிறதா, கோட்டில் நேராக நடக்கின்றானா, கண்ணை மூடி விரலால் மூக்கு நுனியைத் தொடுகின்றானா என்று பார்த்து அவர் முடிவு எழுதுவார். இம்முறையில் உள்ள ஆபத்து வைத்தியர்களுக்கே நன்கு தெரியும். நீரிழிவுக்காரனுக்குச் சர்க்கரை குறைந்தாலும் நா குழறும், கால் தள்ளாடும். தலையில் அடிபட்டவனும் அங்ஙனமே. விபத்தில் காயமுற்றவனைக் குடிகாரன் என்று எண்ணிப் பொலிஸ் நிலையத்தில் படுக்கவைத்து, விடிவதற்குள் அவன் மாண்டால் யார் பொறுப்பு? மற்றொரு பக்கத்தில், பழகிய குடிகாரன் எல்லையை இருமடங்கு தாண்டிய நிலையிலும் வைத்தியர் முன் விறைப்பாக நடந்து காட்டுவான்.

இரசாயனப் பரிசோதனை வந்தது இந்தக் குறையைத் தீர்க்கவே. எமது மக்கள் 'பலூன் ஊதுதல்' என்று சொல்வதன் தத்துவம் எளியது. கண்ணாடிக் குழலினுள் பொற்றாசியம் இருகுரோமேற்று என்னும் மஞ்சள் நிறப் பொருளும் கந்தகவமிலமும் இருக்கும். ஊதும் மூச்சில் மதுசாரம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். பச்சை எவ்வளவு தூரம் பரவிற்று என்பதிலிருந்து அளவை ஒருவாறு ஊகிக்கலாம். திட்டமாகச் சொல்ல இயலாது. இலக்கத்தால் அளவு காட்டும் மின்கருவிகள் உலகெங்கும் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. வெற்றிலை போட்டிருந்தேன், அரிஷ்டம் குடித்தேன் என்று பொலிசாரிடம் கதை சொல்வோர் எம்மிடையே உண்டு. அரிஷ்டத்தில் மதுசாரம் உண்டென்பது மெய்தான். ஆயினும் கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் ஊதச் செய்தால் வாயில் தங்கிய மதுசாரம் அகன்று, குருதியில் உள்ளது மாத்திரமே கருவியிற் பதியும். கதையும் அதோடு முடியும். உண்மையிலேயே அரிஷ்டம் அருந்திய அப்பாவியும் அதே கால் மணி நேரத்தில் காப்பாற்றப்படுவான்.

காலதாமதத்தால் விளையும் கேட்டைச் சட்டத்தரணிகள் நன்கு அறிவர். மனிதனின் ஈரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் குருதியிலுள்ள மதுசாரத்தைக் குறைத்துவிடுகின்றது. இரவு ஒன்பது மணிக்குத் தோட்டப்பாதையில் பிடிபட்ட ஒருவனின் குருதியில் 100 மில்லிகிராம் இருந்தது என்று கொள்வோம். வாகனம் ஒழுங்குசெய்து, வளைந்து வளைந்து மலையிறங்கி, கடமையிலுள்ள வைத்தியரைத் தேடிப் பிடித்துப் பரிசோதிக்கும்போது மணி பதினொன்று. அப்பொழுது இருப்பது ஏறக்குறைய 70. சட்டத்தின் எல்லைக்குள் அவன் நல்ல பிள்ளை! பள்ளத்தின் விளிம்பில் வண்டியை ஓட்டியபோது அவன் நிலை என்ன என்பதல்லவா கேள்வி? ஆகவே பிடித்த இடத்திலேயே, பிடித்த நேரத்தைக் குறித்து, இலக்கத்தில் அளந்து, அந்தத் தாளின் பிரதியைச் சாரதியின் கையிலும் கொடுக்க வேண்டும். இக்கருவிகள் மலைநாட்டின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் வேண்டும்; நகரத்துக்கு மாத்திரம் போதா.

எல்லையாகிய 80 என்ற இலக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரித்தானியா 1967-ஆம் ஆண்டின் சட்டத்தால் விதித்த அளவு அது. அமெரிக்காவின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் போக்கென்ஸ்டைன் என்பார் நடத்தி 1964-இல் வெளியிட்ட பேராய்வு, எண்பதுக்கு மேல் விபத்தின் அபாயம் விரைந்தேறுவதைக் காட்டிற்று. ஆனால் அபாயம் ஏறத் தொடங்குவது அதற்கும் கீழேயே. ஸ்கொட்லாந்து 2014 டிசெம்பரில் தன் எல்லையை 50-ஆகக் குறைத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் பொதுவான சாரதிகளுக்கு 50-ஐயும் புதிய சாரதிகளுக்கு 20-ஐயுமே பரிந்துரைக்கின்றது. இந்தியாவில் 30. ஸ்கொட்லாந்தின் மலைகளைவிட எமது மலைகள் சாதுவானவையோ? ஐம்பதுக்கு மேற்பட்ட எவரும் சுக்கானைத் தொடலாகாது. பஸ், பாடசாலை வான், மரக்கறி லொறி ஓட்டுவோருக்கு எல்லை அனேகமாகப் பூச்சியமாக இருக்க வேண்டும். இரவிரவாக மரக்கறி ஏற்றி அனுப்பும் விவசாயிகள் இதனை எதிர்ப்பார்கள் என்று நாம் எண்ணவில்லை. லொறி கவிழ்ந்தால் ஒரு போகத்து உழைப்பும் அதனோடு கவிழ்கின்றதன்றோ.

எமது அயலார் இக்கட்டுரையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுமுன் நாமே அதனைச் சொல்லிவிடுகின்றோம். பிடிபட்டவன் எம்மவனாயின் முதலில் தேடப்படுவது சட்டத்தரணியல்ல, தொலைபேசி. அரசியற் பிரமுகரின் செயலாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி, பொலிசில் தெரிந்தவர் என்று அழைப்புக்கள் பறக்கின்றன. படித்தவர்களும் இதில் விலக்கல்லர். அவர்களே முன்னணியில் நிற்பதும் உண்டு. 'பாவம், பிள்ளைகுட்டிக்காரன்' என்ற ஒரு சொல்லால் விடுவிக்கப்பட்டவன் அடுத்த மாதம் எந்தப் பிள்ளையின் மீது ஏறுவான் என்று அழைப்பு விடுத்தவர் எண்ணிப்பார்த்தாரா? அளவு இலக்கத்தில் பதிந்து, பிரதி சாரதியின் கையிலும் இருக்குமாயின் இத்தகைய அழைப்புக்களால் ஆவது ஒன்றுமில்லை. கருவியை நாம் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசாங்கத்தின் கையும் தூயதன்று. கோப்பிக் காலத்தில் கண்டி மாகாணங்களில் சாராயக் குத்தகையை ஏலத்தில் விற்று வருமானம் திரட்டிய வெள்ளையர் ஆட்சி, தோட்ட வீதிகள் தோறும் தவறணைகள் முளைக்க வழிசெய்தது. ஆட்சி மாறிற்று, வழி மாறவில்லை. 2024-ஆம் ஆண்டில் மாத்திரம் முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன என்ற விபரம் அவ்வாண்டு டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வெளியாயிற்று. மதுவரியை எண்ணி மகிழும் கையாலேயே பலூனையும் நீட்டுவது வேடிக்கைதான். ஆயினும் தவறணை திறந்திருக்கிறது என்பது குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்குச் சமாதானமாகாது. பஸ்ஸிலோ நண்பன் வண்டியிலோ அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இறுதியாக, தமிழ்ச் சாரதிக்கே உரிய ஓர் இடர்ப்பாடு. அண்மையில் கண்டிக்கு அயலிலுள்ள ஒரு வீதித்தடையில் நாம் கண்ணாரக் கண்டது இது. தோட்டத்திலிருந்து விறகேற்றி வந்த நடுத்தர வயதுச் சாரதியை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். சொன்னது சிங்களத்தில். அவருக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். சட்டச் சிங்களம் தெரியாது. அச்சத்தால் "வேண்டாம் ஐயா, வேண்டாம் ஐயா" என்று கைகூப்பினார். அது மறுப்பாக எழுதப்பட்டது. படிவமும் சிங்களத்தில், கையொப்பம் தமிழில். மறுத்தால் குடித்தவனாகவே கருதப்படுவாய் என்று அவருக்கு விளங்கும் மொழியில் எவரும் சொல்லவில்லை. அவர் குடித்திருந்தாரா என்பது எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் அங்கே அடைபட்டுப் போயிற்று. குடித்திருந்தாராயின் குற்றவாளி அளவு தெரியாமல் தப்பினார். குடிக்கவில்லையாயின் நிரபராதி தண்டிக்கப்பட்டார். இரண்டில் எதுவாயினும் சட்டத்துக்கு இழுக்கே.

1956-இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது நேர்ந்த அநீதியை எமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டா. ஆனால் 1987-இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988-இன் பதினாறாம் திருத்தத்தின் பின்னர், அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை, சிங்களத்தில் பதிவேடுகள் பேணப்படும் இடங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தந்திருக்கின்றது. கண்டியில் நீதிமன்ற மொழி சிங்களமேயாயினும், வழக்கைத் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறும் உரிமையை 24-ஆம் உறுப்புரை அளிக்கின்றது. நீதிமன்றத்தில் கிடைக்கும் அந்த உரிமை, வழக்கு உண்மையில் தீர்மானமாகும் வீதியோரத்தில் இல்லாமற் போனால் அதனால் என்ன பயன்?

ஊதுவதற்கு முன் சாரதிக்கு வாசித்துக் காட்டவேண்டியவை நான்கைந்து வசனங்களே: ஏன் நிறுத்தினோம், எதனைப் பரிசோதிக்கின்றோம், மறுத்தால் நேர்வது என்ன, வைத்தியரிடம் செல்லும் வழி யாது. அவற்றைத் தமிழில் அச்சிட்டு, பரிசோதனைப் படிவத்தின் தமிழ்ப் பிரதியோடு சேர்த்து மத்திய மாகாணத்தின் பொலிஸ் நிலையங்களுக்கு அனுப்புவதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை. பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதனைக் கேட்டு எழுதும் வேலையைக் கண்டியிலுள்ள தமிழ்ச் சட்டத்தரணிகள் இந்த மாதமே தொடங்கலாம்.